குப்புறப் படுத்த ஏழு நாள்

— தலையைத் தூக்காதீங்கம்மா.

— தூக்கலை. திருப்பினேன்.

— திருப்பறதும் தூக்கறதும் ஒண்ணுதான். கண்ணுக்குள்ள வச்சிருக்கற வாயு நழுவிடும். ஒட்டின விழித்திரை மறுபடி உரிஞ்சுக்கும். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?

— ஏழு நாளா அதையேதானே கேக்கறேன், எப்படி மறக்கும்? மூக்கு அரிச்சுது.

— சொன்னா நான் சொறிஞ்சுவிட மாட்டேனா? எந்தப் பக்கம்?

— இடது. இன்னும் கொஞ்சம் மேல. ம், போதும். கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு உங்களுக்கு?

— இப்பத்தான் உங்க கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிட்டு வந்தேங்க.

— அய்கோ, ஓக்-சிம் அக்கா! உங்களுக்கு அமைஞ்ச மாதிரி ஆளு யாருக்கு அமையும்? என் மருமக என் மூக்கைச் சொறியணும்னா முதல்ல நகம் வளத்துக்கிட்டுல்ல வருவா!

— போஹாங்கம்மா, நீங்க தூங்கலையா?

— பகல் மூணு மணிக்கு என்ன தூக்கம்? பக்கத்துக் கட்டில்ல நீங்க குப்புறக் கெடக்கறீங்க, டிவியில கிழவன் ஒருத்தன் மீன் பிடிக்கறான். ரெண்டுல எதைப் பாக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— மீனைப் பாருங்க. அது அசையவாவது செய்யும்.

— கேளுங்கக்கா, ரெண்டு நாளா ஒண்ணு கேக்கணும்னு நாக்கு நுனியில நிக்குது. இந்தத் தங்கச்சி உங்களுக்குச் சொந்தமா?

— இல்லீங்க. நான் ஏஜென்சியிலேர்ந்து வந்திருக்கேன். நோயாளியைப் பாத்துக்கறதுதான் என் வேலை.

— நான் அக்காவைக் கேட்டேன், நீ பதில் சொல்றே. காலையில முகக்கவசம் மாட்ட முடியை ஒதுக்கினேல்ல, அப்ப உன் காதைப் பாத்தேன். மேல கூரா, கீழ மடல் கன்னத்தோட ஒட்டி. அப்படியே ஓக்-சிம் அக்கா காது! ஒரே அச்சுல வார்த்த மாதிரி.

— உலகத்துல காது எத்தனை தினுசு இருக்கப்போகுதுங்க.

— என்னவோ. அக்கா, நீங்க சொல்லுங்க.

— நான் என்னத்தைச் சொல்ல? ஏழு நாளா இந்தத் தலையணை ஓட்டை வழியா நான் பாக்கறது தரையும் அவங்க ரெண்டு காலும்தான். காதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?

— சரி, கால் எப்படி?

— நல்ல கால். செருப்புதான் ஒரு நம்பர் பெரிசு.

— அவசரத்துல வாங்கினதுங்க. பார்லி தண்ணி குடிக்கறீங்களா? குழாயை வாய்கிட்ட வைக்கறேன். மெதுவா உறிஞ்சுங்க, இழுக்காதீங்க.

— நாளைக்கு இந்தக் குழாய் வேண்டாம்ல?

— வேண்டாம். காலையில பத்து மணிக்கு டாக்டர் வருவார். வாயு போதுமான அளவு குறைஞ்சிருந்தா தலையை நிமித்திக்கலாம்னு சொல்லிடுவார்.

— நிமிந்ததும் முதல்ல நீங்கதானே பக்கத்துல இருப்பீங்க?

— நாளைக்கு வேற ஆள் வருவாங்கம்மா. எனக்கு இஞ்சோன்ல வேற ஒரு வீடு வந்திருக்கு. எட்டு மணி ரயில்.

— ஓ.

— அவங்களும் நல்லாப் பாத்துக்குவாங்க. நான் எல்லாம் எழுதி வச்சிட்டுப் போறேன். கஞ்சியில உப்பு எவ்வளவு, எந்தத் தோள் வலிக்கும், எல்லாம்.

— எட்டு மணிக்குப் போறதும் பத்து மணிக்குப் போறதும் ஒண்ணா?

— ரயில் அப்படிங்க.

— அது கிடக்கட்டும். தண்ணி போதும்.

— ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம். தலை அப்படியே இருக்கட்டும்.

*

— அக்கா, நான்தான். வராந்தாவுல நின்னு பேசறேன்.

— சொல்லுடி. அம்மா எப்படி இருக்கா?

— நல்லா இருக்காங்க. மூக்கு அரிக்குதாம். அக்கா, நான் நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கிளம்பறேன்.

— என்ன யோன்-வா இது? பத்து மணிக்குத்தானே அவ தலையைத் தூக்கப்போறா?

— அதனாலதான் எட்டு மணிக்கு.

— லூசு. ஏழு நாள் கட்டிலுக்குக் கீழ பலகையைப் போட்டுப் படுத்தே. தோளைப் பிடிச்சுவிட்டே, காலைக் கழுவிவிட்டே. எல்லாம் எதுக்கு? அவ கண்ணு தெளியறப்போ ஓடறதுக்கா?

— ஏழு நாள் கிடைச்சுதுல்ல. பதினோரு வருஷத்துக்கு அது போதும்.

— யாருக்குப் போதும்?

— அக்கா, நீ அங்கதானே இருந்தே அன்னிக்கு? அப்பா சாவு அன்னிக்கு, அவர் படத்துக்கு முன்னாடி? நான் கறுப்புப் பாவாடையும் சட்டையுமா, உன்னை மாதிரியே கட்டிக்கிட்டு வந்து நின்னேன். அம்மா என் மூஞ்சியைப் பாக்கவே இல்லை. சாவுக்கு மூத்த மகன் கையில கட்டற கோடு போட்ட பட்டையை நீட்டினாங்க. "இதைக் கட்டிக்கிட்டு உள்ள வா. இல்லேன்னா வராதே."

— இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் அதைக் கட்டிக்கிட்டு நின்னார். தெரியும்.

— அந்தக் கை நீட்டினது இன்னும் அப்படியே நிக்குது எனக்கு. நாளைக்கு அவங்க நிமிந்து பாத்துட்டு அதே மூஞ்சியோட திரும்பிக்கிட்டா? இப்ப இருக்கறதும் போயிடும்க்கா. இப்ப என் கையால தண்ணி குடிக்கறாங்க. "இன்னும் கொஞ்சம் மேல"ங்கறாங்க. அது போதும்.

— போதும் போதும்னு சொல்றவளுக்கு என்னிக்கும் போதாதுடி. நாலு வயசுல என்னை எப்படிக் கூப்பிட்டேன்னு ஞாபகம் இருக்கா?

— இப்ப எதுக்கு அது?

— தம்பிங்க எல்லாம் அக்காவை நூனான்னு கூப்பிடும். நீ மட்டும் தங்கச்சிங்க கூப்பிடற மாதிரி ஒன்னி ஒன்னின்னு பின்னாலயே வருவே. அம்மா வாயிலயே அடிச்சா. நீ அழுது முடிச்சிட்டு, கையால வாயைப் பொத்திக்கிட்டு, என் காதுகிட்ட வந்து, ஒன்னின்னே. நாலு வயசுல அவ்வளவு அழுத்தம். இப்ப எங்கடி போச்சு அது?

— அம்மாவுக்கு நான்தான்னு தெரியாதுல்ல? நீ சொல்லலைல்ல?

— இதையே தினம் ரெண்டு தடவை கேக்கறே.

— பதில் சொல்லு.

— அவளைத் தனியா விட்டுட்டு வந்து நின்னு பேசாதே. உள்ள போ. குளிருது, காலுக்கு ஏதாவது போட்டுக்கோ.

*

— வந்துட்டியா தங்கச்சி? நல்ல சமயத்துல போனே. உன் அம்மா, அதான் நம்ம அக்கா, இப்பத்தான் என்கிட்ட மாட்டினாங்க. காலையில என்னை அந்தக் கருவியில உக்கார வச்சாங்கல்ல, வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பொத்தானை அமுக்கச் சொல்லி? அதைச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— சொல்லுங்க. நான் இவங்க கழுத்துக்குத் துண்டை மாத்திக்கறேன்.

— என் வலது கண்ணுல ஒரு மூலை செத்தே போச்சாம். அங்க எனக்குப் பார்வையே கிடையாதாம். நான் டாக்டரைக் கேட்டேன், "ஐயா, அப்ப அங்க ஒரு ஓட்டை தெரியணுமே, கறுப்பா? எனக்கு ஒரு ஓட்டையும் தெரியலையே?" அதுக்கு அவர் சொல்றார், மூளை ஓட்டையை விட்டு வைக்காதாம். சுத்தி என்ன இருக்கோ அதையே எடுத்து நடுவுல நிரப்பிக்குமாம். கதவோரமா மருமக நிக்கறா. எனக்கு மருமக தெரியலை, சுவர் தெரியுது. நல்ல முழுச் சுவர்!

— பாக்கி வச்சிருந்த துணியை வச்சு ஒட்டுப் போட்ட மாதிரி.

— அதேதான்! நீங்க பள்ளிக்கூடச் சீருடை தச்ச கை, பட்டுனு பிடிச்சுட்டீங்க.

— ஆனா ஒட்டுப் போட்டா தையல் தெரியும். இதுல தெரியாதா?

— தெரியாதாம்க்கா.

— அப்ப ஓட்டை இருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

— முட்டிக்கிட்டாத்தான். நான் மருமக மேல முட்டிக்கிட்டேன். கையில சூடா சூப்பு வச்சிருந்தா, ரெண்டு பேருக்கும் பொத்துப்போச்சு.

— ம்.

— என்னக்கா, சிரிப்பு வரலையா?

— ஒண்ணுமில்லை. சுத்தி இருக்கறதை வச்சு நிரப்பிக்குமாமா. சரியாத்தான் சொல்லியிருக்கார்.

— அது கெடக்கு. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? வாரம் பூரா ஒரு மூத்த பொண்ணுதான் போன் பண்ணுது.

— ரெண்டு.

— ரெண்டாவது பையனா?

— ரெண்டாவது பிள்ளை தூரத்துல இருக்கு.

— வெளிநாடா?

— அவ்வளவு தூரம்தான் வச்சுக்குங்க.

— அம்மா, கழுத்தை இப்படிச் சாய்ங்க. ம். வலிக்குதா?

— வலிக்கலை. போஹாங்கம்மா, உங்க பிள்ளைங்க முதல் பிறந்தநாளுக்கு மேசையில பரப்பி வச்ச சாமான்ல என்ன எடுத்துச்சுங்க?

— மூத்தவன் பணத்தை எடுத்தான். இன்னிக்கு வரைக்கும் அதைத் தவிர எதையும் எடுக்கலை, என் பையிலேர்ந்து! சின்னவன் நூலைப் பிடிச்சான். ஆயுசு கெட்டின்னு என் மாமியார் ஆட்டமே ஆடினா. உங்களோடது?

— மூத்தது அரிசி. சின்னதுக்குப் போட்டோ இருக்கு. கையில வில்லு.

— வில்லா! சரியான ஆம்பளைச் சிங்கம்னு மாமியார் வீட்டுல தூக்கி வச்சு ஆடியிருப்பாங்களே.

— ஆடினாங்க. போட்டோவில பிள்ளை மட்டும் அழுதுக்கிட்டிருக்கும்.

— ஏன்?

— கேமரா வெளிச்சம் கண்ணைக் குத்திடுச்சுன்னு சொன்னோம்.

— இருக்கும், இருக்கும். என்ன தங்கச்சி, துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டே?

— இல்லீங்க, ஈரமா இருக்கான்னு பாத்தேன்.

— நல்லாப் பாரு. நான் கீழ கடைக்குப் போறேன். வாழைப்பழப் பால் யாருக்கு வேணும்? அக்காவுக்கு ஒண்ணு, குழாயோட. உனக்கும் ஒண்ணு, தொண்டைக்கட்டு இன்னும் போகலையே, சூடுபண்ணித் தரச் சொல்றேன். கரகரன்னு ரேடியோ மாதிரியே பேசுது இந்தப் பொண்ணு.

— மெதுவாப் போங்க போஹாங்கம்மா. கதவோரம் பாத்து.

— கதவு தெரியும்க்கா, மருமகதான் தெரியாது!

*

— போயாச்சா?

— லிப்ட்டுல ஏறிட்டாங்கம்மா.

— நல்ல மனுஷி. காதுல பஞ்சு வச்சுக்கிட்டாத் தாங்கலாம்.

— கொஞ்சம் தூங்கறீங்களா?

— வேண்டாம். ஒரு வேலை இருக்கு. கட்டிலுக்கு அடியில என் துணிப்பை இருக்குல்ல? அதுல எல்லாத்துக்கும் கீழ, பழைய துண்டுல சுத்தி ஒண்ணு இருக்கும். எடுங்க.

— இதுங்களா? நீளமா இருக்கே.

— பிரிங்க.

— அளவுகோல். மூங்கில்ல.

— கடையில முப்பத்தஞ்சு வருஷம் அதை வச்சுத்தான் அளந்தேன். எத்தனையோ பாவாடை, எத்தனையோ கால்சட்டை. ஒரு ஓரத்துல விரலை வச்சுத் தடவிக்கிட்டே வாங்க. நுனிக்குக் கொஞ்சம் முன்னால.

— பள்ளமா இருக்கு. எலி கடிச்ச மாதிரி.

— எலி இல்லை. மேல ரெண்டு பல்லு, கீழ ரெண்டு பல்லு. அன்னிக்கு அவ்வளவுதான் முளைச்சிருந்துச்சு.

— யாருக்குங்க?

— உனக்கு.

— நான் போய் நர்ஸைக் கூட்டிட்டு வந்துடறேன்.

— ஓடாதே. நான் துரத்தி வர முடியாது, தலையைத் தூக்கக் கூடாது. உக்காரு. இடது காலை வலது கால் மேல வச்சுக்கிட்டு நிக்கறே, அப்படி நின்னா முட்டி வலிக்கும்னு உனக்கு ஆறு வயசுலேர்ந்து சொல்றேன்.

— அம்மா.

— அதைத்தான் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்றே. ஆஸ்பத்திரியில எல்லாக் கிழவியையும் கூப்பிடற அம்மாதானேன்னு உனக்கு நினைப்பு. நான் ஒவ்வொண்ணையும் எண்ணி வச்சிருக்கேன்.

— நான், நான் வேணும்னு ஏமாத்தலை. அக்கா சொன்னா...

— அது கிடக்கட்டும். நான் சொல்றதை முதல்ல கேளு. போஹாங்கம்மா திரும்பறதுக்குள்ள சொல்லி முடிக்கணும், இல்லேன்னா நாளைக்குப் போஹாங் ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். அழறியா?

— இல்லை.

— தரையில சொட்டுது. எனக்குத் தரை மட்டும் நல்லாத் தெரியும். சரி, அழுதுக்கிட்டே கேளு. உன் முதல் பிறந்தநாள். மேசையில நூலு, அரிசி, பேனாக்கட்டை, பணம், வில்லு, எல்லாம் உங்க அப்பா அடுக்கினார். ஆம்பளைப் பிள்ளைக்கு என்னென்ன வைக்கணுமோ அதை மட்டும். ஜன்னல் திறந்திருந்துச்சு. மேசைத்துணி பறக்குதுன்னு நான்தான் ஓரத்துல என் அளவுகோலை வச்சேன். பாரமா. பொம்பளைப் பிள்ளை மேசையில வைக்கற சாமான் அதுன்னு அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்லை. நீ தவழ்ந்து வந்தே. நூலைத் தாண்டினே. அரிசியைத் தட்டிவிட்டே. வில்லு மேல முட்டியை ஊணி ஏறினே. நேரா போயி இதைப் பிடிச்சு வாயில வச்சே.

— போட்டோவில வில்லுதானே...

— பிடுங்கினேன். உங்க பாட்டி மூஞ்சி இருண்டுபோச்சு, போட்டோக்காரன் சிரிச்சான். பிடுங்கி வில்லைக் கையில வச்சேன். நீ வில்லைப் போட்டுட்டு மறுபடி இதுக்குப் போனே. மறுபடி பிடுங்கினேன். மூணாவது தடவை நீ விடலை, கடிச்சுப் பிடிச்சுக்கிட்டே. அந்தப் பல்லு அது. உன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். வில்லைக் கையில அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் போட்டோவை இன்னொரு தடவை பாரு. கீழ் ஓரத்துல, வில்லைப் பிடிச்சிருக்கறது ரெண்டு கை. ஒண்ணு சின்னது. ஒண்ணு என்னோடது.

— நான் பாத்ததே இல்லையே அதை.

— யாரும் பாக்கலை. சுத்தி இருக்கறதை வச்சு நிரப்பிக்கிட்டோம். அக்காவை நீ கூப்பிட்ட விதம், கடையில மிச்சத் துணியை எடுத்து இடுப்புல சுத்திக்கிட்டது, எல்லாம் தெரிஞ்சுது. எங்க கண்ணுக்கு முழுச் சுவராத்தான் தெரிஞ்சுது. உங்க அப்பா படத்துக்கு முன்னாடி வந்து நீ நின்னே பாரு, அன்னிக்குத்தான் முட்டிக்கிட்டேன். முட்டினதும் என்ன பண்ணினேன்? கையில பட்டையை நீட்டினேன். இருபத்தேழு வருஷம் கழிச்சு, மறுபடி அதே வில்லு.

— அம்மா, போதும். கழுத்து நோகும்.

— நோகட்டும். பதினோரு வருஷமா இந்த அளவுகோலைத் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கேன். எழுதிப் போடலாம்னா கை வராது. போன்ல பேசலாம்னா வாய் வராது. நேர்ல வந்தா என் மூஞ்சியைப் பாத்ததும் நீ திரும்பிப் போயிடுவேன்னு தெரியும். அந்த மூஞ்சியை நான்தானே உனக்குக் காட்டினேன்.

— எப்பக் கண்டுபிடிச்சீங்க? முதல் நாளேவா? நான் நிக்கற விதத்தை வச்சா? குரலா?

— அதெல்லாம் அப்புறம். முதல்ல சொல்லு. நாளைக்கு எட்டு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?

— எடுக்கலை. நான் யாருன்னு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவ சொல்லிட்டாளா உங்ககிட்ட? அவதான் உங்களுக்குத் தெரியாம என்னை இங்க அனுப்பினா. அவ மேல கோபப்படாதீங்கம்மா.

— அவ மேல எனக்கென்னடி கோபம்? ஏழு நாள் குப்புறப் படுக்கணும், தரையைத் தவிர ஒண்ணையும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, பக்கத்துல நின்ன உன் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் சொன்னேன்: "என் மூஞ்சிக்குப் பயப்படாம வர்றதுக்கு இதைவிட நல்ல நேரம் வராது, அவளை வரச்சொல்லு."